பெயர்ப்பலகைக்குப் பின்னால் யார்?

ஒரு கம்பெனி. தொழிற்சாலை இல்லை, சரக்கு இல்லை, சம்பளம் வாங்கும் ஊழியர் இல்லை. பதிவு எண்ணும் வங்கிக் கணக்கும் மட்டும் உண்டு. ஷெல் நிறுவனம் என்பது இதுதான். நம் பேச்சுவழக்கில் லெட்டர்பேட் கம்பெனி.

இப்படி ஒன்றை வைத்திருப்பதே குற்றமல்ல. வரப்போகும் திட்டத்துக்காக முன்கூட்டியே பதிவு செய்பவர்களும் உண்டு. பணத்தின் சொந்தக்காரரை மறைப்பதற்காக அதை நடத்தும்போதுதான் ஆபத்து. கணக்கில் வராத ரொக்கம் நான்கைந்து நிறுவனங்களின் கணக்குகளில் மாறி மாறிப் பயணித்து, பங்கு முதலீடாகவோ கடனாகவோ உரியவரிடமே திரும்பி வருகிறது. இயக்குநராகக் கையெழுத்திட்டவர் முதலாளியின் கார் ஓட்டுநராகக்கூட இருக்கலாம். வழக்கு என்று வந்தால் நோட்டீஸ் போவது அந்த ஏழையின் வீட்டுக்கு. இந்தக் கொடுமை போதிய அளவு பேசப்படவில்லை.

2017-ல் மத்திய அரசு செயல்படாத சுமார் 2.24 லட்சம் நிறுவனங்களின் பதிவை நீக்கியது. பணமதிப்பு நீக்கத்துக்குப் பிறகு அவற்றில் 35,000 நிறுவனங்களின் கணக்குகளில் 17,000 கோடி ரூபாய்க்கு மேல் போட்டு எடுக்கப்பட்டதாக அரசே அப்போது தெரிவித்தது. ஒரே நிறுவனத்துக்கு 2,134 கணக்குகள்! அவற்றைத் திறந்து கொடுத்த வங்கிகள் என்ன பார்த்துக்கொண்டிருந்தன?

2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் ஷெல் நிறுவனம் எது என்று வரையறுக்கவில்லை. உண்மையான உரிமையாளரை அறிவிக்க வேண்டும் என்ற விதி 2018-ல் வந்தது; அறிவித்தது சரிதானா என்று நேரில் சோதிக்கும் கடமை யாருக்கு? அந்தப் பொறுப்பையும் வரையறையையும் நாடாளுமன்றம் தாமதமின்றிச் சட்டத்தில் சேர்க்க வேண்டும்.