40 டிகிரி வெயிலில் ஒரு பிளாஸ்டிக் டப்பா... உள்ளே ஒரு பாம்பு!

சிவகாசிக்குப் பாம்பு புதுசில்லை. பாம்பு மாத்திரை செஞ்சு ஊருக்கெல்லாம் அனுப்புற ஊராச்சே! ஆனால், ரீல்ஸ் பார்த்துட்டு, ``ஒரு மூடி போட்ட டப்பா, தேங்காய் நார்த்தூள், தண்ணிக் கிண்ணம் போதுமாம். பால் பைத்தான் வளர்க்கலாமா?’’ என்று கேட்கிறவர்களுக்குப் பதில் அவ்வளவு சுலபமில்லை.

முதலில் சட்டம். நாகம், சாரை, மலைப்பாம்பு என நம்மூர்ப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க முடியாது. முதல் அட்டவணையில் இருக்கும் மலைப்பாம்பு என்றால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. பால் பைத்தான் ஆப்பிரிக்கப் பாம்பு. சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி அதை வைத்திருப்பவர் `பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். வாங்கிய ரசீது இல்லாத பாம்பு எந்த வழியாக வந்திருக்கும்? 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் பிடிபட்டன. அவையும் துளை போட்ட டப்பாக்களில்தான் இருந்தன.

பேப்பரெல்லாம் பக்காவா இருக்குன்னே வைங்க. அடுத்த சிக்கல், வெயில். டப்பா முறை அமெரிக்க, ஐரோப்பியப் பண்ணைகளில் பிரபலமானது. அடுக்கி வைக்க வசதி. பொந்தில் பதுங்கும் பாம்புக்கு இருட்டும் பிடிக்கும். பாம்புக்குத் தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கத் தெரியாது. அதனால் டப்பாவின் ஒரு ஓரம் 32 டிகிரி, மறு ஓரம் 26 டிகிரி என்று இருந்தால், வேண்டிய பக்கம் நகர்ந்துகொள்ளும். குளிர்நாட்டுக்காரர் அதற்காக அடியில் ஹீட் மேட் வைக்கிறார். விருதுநகர் மே மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே ஹீட் மேட் எதுக்கு? அறையே அடுப்புதான்! பாம்பு ஒதுங்க குளிர்ந்த ஓரமே இருக்காது. கூடுதல் துளை போட்டாலும் உள்ளே போவது அனல்காற்றுதான். ஏசி ஓடினால் சரி, கரன்ட் போனால்?

செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் சங்கத்தில் பாம்புகள் இருப்பது மண்பானையில். வாயைத் துணியால் கட்டியிருப்பார்கள். பானை சுவாசிக்கும், சூட்டை இழுக்கும். அங்கேயும் அரசு அனுமதியோடு, விஷம் எடுக்க சில வாரங்கள் மட்டும்தான். பிறகு காட்டில் விட்டுவிடுவார்கள்.

ரசீது இல்லாமல் ஏற்கெனவே வாங்கிட்டீங்களா? பயந்துபோய் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் விட்டுடாதீங்க. அது புலிகள் காப்பகம். வெளிநாட்டுப் பாம்பு அங்கிருக்கும் உயிர்களுக்கு நோயைக் கொண்டுபோகலாம். ஒரு வக்கீலைக் கலந்துகொண்டு வனத்துறையிடம் பேசுங்க. அதுவரைக்கும் டப்பாவை மொட்டை மாடி ரூமிலிருந்து இறக்கி, கீழ்வீட்டுத் தரையில், வெயில் படாத மூலையில் வைங்க. ஹீட் மேட்டைக் கழற்றிடுங்க.