கர்த்தர் பார்த்துக்குவார், வாரியம் எப்போது பார்க்கும்?

பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தின் பழைய வாரியக் குடியிருப்புகளில் சிமெண்ட் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிகிறது. 2024 டிசம்பரில் சன்னலுக்கு மேலிருந்த சிலாப்பு இடிந்து விழுந்து ஓர் இளைஞர் உயிரிழந்தார். இதே குடியிருப்புகளில்தான் உபவாச ஜெபமும் நடக்கிறது. மீன் விற்றுவிட்டு வந்த அம்மாக்களும், மயிலாப்பூரிலும் அடையாறிலும் வீட்டு வேலை முடித்து வந்த அக்காக்களும் பாய் விரித்து உட்கார்ந்து அழுது ஜெபிக்கிறார்கள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்கிறார்கள்: “கர்த்தர் பார்த்துக்குவார்.”

இந்த ஒரு வாக்கியத்தை மூன்று பேர் மூன்று விதமாகப் பயன்படுத்துகிறார்கள். ‘அரிசி மூட்டைக்கு மதம் மாறியவர்கள்’ என்று காவிக்காரர் ஏசுகிறார். ‘அபின்’ என்று நம் தோழர் ஒருவர் சிரிக்கிறார். ‘ஆமாம், கர்த்தர் பார்த்துக்கொள்வார், நீ பொறுமையாக இரு’ என்று பிரசங்கியார் தட்டிக்கொடுக்கிறார். மூவருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நம் தோழருக்கு. எங்களில் சர்ச்சுக்குப் போகிறவர்கள் உண்டு, புத்த விகாரைக்குப் போகிறவர்கள் உண்டு, எங்கும் போகாதவர்களும் உண்டு. அண்ணல் அம்பேத்கரும் மதமே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. தன்மானம் தரும் மதத்தைத் தேடி 1956இல் நாக்பூரில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் ஏற்றார். சேரிக்குள் வர மறுத்த சாமிகளையே பார்த்துப் பழகிய ஒரு மனுஷிக்கு, தச்சன் மகனாகப் பிறந்து தொழுநோயாளியைத் தொட்ட கடவுள் கிடைத்தால் அவள் முதுகு நிமிரும். அந்த நிமிர்வை அபின் என்று எப்படிச் சொல்வது?

பைபிளில் லூக்கா சொல்லும் விதவையின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கடவுளுக்கும் பயப்படாத, மனிதரையும் மதிக்காத ஒரு நீதிபதி. அவனிடம் ஓர் ஏழை விதவை நியாயம் கேட்டுத் திரும்பத் திரும்பப் போகிறாள். அவள் தொல்லை தாங்காமல்தான் அவன் தீர்ப்புச் சொல்கிறான். ஜெபம் என்றால் என்னவென்று விளக்கத்தான் இயேசு இந்தக் கதையைச் சொன்னார். தாலுகா அலுவலகத்துக்கு நடந்து நடந்து செருப்பு தேய்ந்த நம் அம்மாக்களுக்கு இந்த விதவையை நன்றாகத் தெரியும். அவர்களின் ஜெபம் மனுவின் இன்னொரு வடிவம்.

இது வெறும் உவமை அல்ல, வரலாறு. 1890களில் செங்கல்பட்டு வட்டாரத்தில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் பறையர் மக்களின் நிலமற்ற நிலையை அரசின் முன் வைத்தார்கள். ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்தை மீட்கும் காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபரில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்தே படியுங்கள். சேரிக்குள் வரும் குண்டு மதம் பார்த்து வருவதில்லை.

அடுத்து ‘அரிசி மூட்டை’ என்பவருக்கு. மதம் மாறிய தலித்துக்கு இந்த நாட்டில் லாபம் என்ன? 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாக முடியாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்றுவரை மூடியே இருக்கிறது. பட்டியல் சாதி இடஒதுக்கீடு இல்லை, தனித்தொகுதியில் நிற்க முடியாது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை.

சென்னைச் சாலையோரம் செருப்பு தைத்த சூசையின் வழக்கைப் படியுங்கள். செருப்பு தைப்பவர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பங்க் கடை, கிறித்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்றால் மட்டும் போதாது, கிறித்தவத்துக்குள்ளும் அதே கொடுமை அதே அளவில் இருப்பதைக் காட்ட வேண்டும் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பர் 26, அரசியலமைப்பு நாளன்று வந்த தீர்ப்பில், புதுச்சேரிப் பெண் ஒருவர் தவறாமல் தேவாலயம் போனதே அவருக்கு எதிரான சான்றானது. மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசோ 2022இல் புதிதாக இன்னோர் ஆணையம் அமைத்து, அதற்குத் தவணையும் நீட்டியது. இத்தனையும் தெரிந்தும் எங்கள் மக்கள் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஜெபத்துக்குப் போகிறார்கள். அரிசி மூட்டைக்காக யாராவது இவ்வளவு இழப்பார்களா?

கடைசியாகப் பிரசங்கியாருக்கு. ‘சிலுவையைச் சும’ என்று நீங்கள் சுலபமாகச் சொல்கிறீர்கள். சிலுவை, அடிமைகளையும் கலகக்காரர்களையும் கொல்ல ரோம அரசு வைத்திருந்த ஆயுதம். அதைச் சுமக்க வைத்தவர்கள் யார் என்றும் பிரசங்கத்தில் சொல்லுங்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவே சாதிச் சுவர் எழுப்பியது எந்தக் கடவுள்? எறையூரில் 2008இல் சம உரிமையும் தனிப் பங்கும் கேட்ட தலித் கத்தோலிக்கர்களைத் தாக்கியவர்கள் அதே கோயிலில் நற்கருணை வாங்கியவர்கள்தானே? திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை 2016இல் ஆயர் பேரவையின் கொள்கை ஆவணமே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டால் போதுமா? சாந்தோம் பேராலயத்திலிருந்து சீனிவாசபுரம் நடந்து போகும் தூரம்தான். கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏழைகளை லாரியில் ஏற்றும் நகரத்தில், அந்த நடையை நடக்காத திருச்சபை யாருக்கு ஆறுதல் சொல்லப் போகிறது?

தம்பிகளே, தங்கைகளே, விசுவாசம் பலம் தருமா என்று எங்களைக் கேட்கிறீர்கள். தரும். வேலை போன மாதத்திலும், வீடு இடிந்த இரவிலும், 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் வந்த பிறகும் எங்கள் மக்களைப் பைத்தியமாகாமல் காப்பாற்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்தப் பலத்தைத் தாங்கிக்கொள்வதற்கு மட்டும் செலவழிக்கச் சொல்பவரை நம்பாதீர்கள், அவர் அங்கி போட்டிருந்தாலும் சரி, கட்சித் துண்டு போட்டிருந்தாலும் சரி.

ஜெபக்கூட்டத்தில் உட்காரும் அம்மாவைக் கேலி செய்யாதீர்கள். கூட்டம் முடிந்ததும் அவர் பக்கத்தில் உட்காருங்கள். கட்டடத்தின் உறுதித்தன்மை பற்றி வாரியத்துக்கு ஒரு தகவல் அறியும் உரிமை மனு எழுதுங்கள். புதிய வீடு இதே பட்டினப்பாக்கத்தில்தான் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பங்குப் பேரவையிலும் சர்ச் கமிட்டியிலும் தலித்துகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஆகஸ்ட் 10 கறுப்பு நாளில் இந்து தலித்துகளும் பௌத்தர்களும் கிறித்தவர்களோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும். பதில் வராவிட்டால் அடுத்த வாரம் மீண்டும் போவோம். அந்த விதவையும் அப்படித்தான் போனாள்.