பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?



2025 மார்ச் 8 அன்று லண்டன் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்ஃபொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது. அதிலிருந்து போனில் ஒரே கேள்வி: "நீங்கதான் ராஜா பைத்தியமாச்சே, எப்படி இருக்கு?"

இப்போதைக்கு வாயைத் திறப்பதாக இல்லை. காரணம், ஒரு பழைய கேசட்.

1986. சிவகாசி பக்கத்து நாரணாபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா தீப்பெட்டி ஒட்டுவார். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. கை ஓட வேண்டுமானால் பக்கத்தில் டேப் ஓட வேண்டும். 'அன்னக்கிளி' வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. ராஜா பாட்டு இல்லாவிட்டால் எங்கள் தெருவில் பசைகூடக் காயாது. அந்த வருடம்தான் 'மௌன ராகம்', 'புன்னகை மன்னன்' எல்லாம்.

சினிமாவுக்கு இல்லாமல் தனியாக ஒரு கேசட் போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் சிவகாசிக்கு பஸ் ஏறினேன். 'ஹவ் டு நேம் இட்?' என்று பெயர். உள்ளே 'இஸ் இட் ஃபயர்ட்?' என்று ஒரு தலைப்பு வேறு. வெடி ஊர்க்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? வாங்கிவிட்டேன். "எத்தனை குரோஸ் காசுய்யா அது?" என்று அம்மா கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

போட்டேன். வயலின் வந்தது. இன்னும் வயலின் வந்தது. எஸ்.பி.பி. வரவில்லை, ஜானகி வரவில்லை.

"ஏய்யா, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

எனக்கும் அதே சந்தேகம்தான். காசு கொடுத்தவன் அதை ஒத்துக்கொள்ள முடியுமா? 'மேட் மாட் மூட் ஃபியூக்' வந்தபோது, ஒரே சேதியை நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக ஆரம்பித்து ஒரே நேரத்தில் சொல்வதுபோல இருந்தது. தலைவலி.

ஒரு பக்கம் முடிந்து டேப் டக்கென்று நின்றது. 'மௌன ராகம்' போடலாம் என்று எழுந்தேன். அம்மா பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "மறுபக்கத்தப் போடு. கை அதுபாட்டுக்குப் போகுது."

தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாஹுக்கும் ராஜா சமர்ப்பணம் செய்த இசை அது. பாஹ் இறந்து 17 வருடம் கழித்துத்தான் தியாகராஜர் பிறந்தார். சந்திக்கவே முடியாத இருவர். 'ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்' என்ற உருப்படியில் பாஹின் வயலின் இசை தன்போக்கில் ஓட, அதன்மேல் வி.எஸ். நரசிம்மனின் வயலின் நம்மூர் ராகத்தில் வந்து உட்காரும். விருந்தாளி பேசுவதை நிறுத்தாமலே வீட்டுக்காரரும் பேசுவதுபோல. இது எனக்குப் பிடிபட ஒரு வாரம் ஆனது. அம்மாவுக்கு ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது.

இப்போது பதினைந்து விநாடி பிடிக்கவில்லை என்றால் விரல் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறது. பிள்ளைகளை மட்டும் குறை சொல்வானேன், நானும்தான் தள்ளுகிறேன். கேசட்டை அப்படித் தள்ள முடியாது. ஃபார்வர்ட் பட்டனை அழுத்தினால் டேப் சிக்கிக்கொள்ளும். அந்தப் பயத்தில் முழுசாகக் கேட்டோம்.

லண்டன் சிம்ஃபொனியைப் பற்றி, முழுசாக மூன்று தடவை கேட்டுவிட்டு எழுதுகிறேன். அதுவரை நீங்கள் சொல்லுங்கள்: முதலில் முகத்தைச் சுளித்து, பிறகு தேயத் தேயக் கேட்ட கேசட் உங்கள் வீட்டில் எது? ஒரு கார்டில் நாலு வரி போதும்.

அன்புடன்,
ஆசிரியர்