மடுவுக்குப் போனால் எத்தனை பேர் போகும்?

ஆகஸ்ட் 15 மடு மாதா திருவிழா. ஆடி பிறந்ததுமே தோட்டங்களில் பஸ் பேசுவதும், ஆட்கணக்கு எடுப்பதும், மாதாமாதம் சேர்த்த சீட்டுக்காசை எண்ணிப் பார்ப்பதும் தொடங்கிவிடும். கூடவே இன்னொரு கணக்கும் தொடங்கும். போய்வந்தால் செக்ரோலில் எத்தனை பேர் விழாமல் போகும் என்ற கணக்கு.

அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். 2026 வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளம் 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயரும் என்றும், வேலைக்கு வரும் நாளுக்கு மேலதிகமாக 200 ரூபா வரவுக் கொடுப்பனவு உண்டு என்றும் அறிவித்தார்கள். மொத்தம் 1,750. மலையிலிருந்து மடுவுக்குப் போய், கூடாரத்தில் தங்கி, திருவிழாப் பூசை கண்டு திரும்ப நான்கு வேலைநாட்கள் போய்விடும் என்று வையுங்கள். புருஷனும் பெண்சாதியும் தோட்டத்தில் பேர் பதிந்தவர்களானால் 14,000 ரூபா. பஸ் காசும் சமையல் சாமானும் இதற்குப் புறம்பு. ஒரு நேர்த்திக்கடனைத் தீர்க்கப் போய் இன்னொரு கடனோடு லயத்துக்குத் திரும்புகிறார்கள்.

"கோயில் குளம் என்று சுற்றினால் இப்படித்தான்" என்று சொல்பவர்கள் நமது சங்கத்துக்குள்ளும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வருஷம் முழுவதும் லயம், பிரட்டுக்களம், மலை, கொழுந்து மடுவம் என்று ஒரே வட்டத்துக்குள் நடக்கிற ஒரு பெண், தன் விருப்பத்தின் பேரில் தோட்டத்து எல்லையைத் தாண்டுகிற பயணங்கள் எத்தனை? ஆஸ்பத்திரிக்கும் சாவு வீட்டுக்கும் போவதை விட்டுவிட்டால் விரலில் எண்ணிவிடலாம். (மடுக் கூடாரத்திலும் அடுப்பைப் பார்த்துக்கொள்வது அவள்தான். அது நாம் வீட்டுக்குள் பேசித் தீர்க்கவேண்டிய இன்னொரு பிரச்சினை.)

அதைவிட, அந்த வழி நமக்கு அந்நிய வழியல்ல. மாத்தளை, தம்புள்ளை, மிகிந்தலை, மதவாச்சி, பிறகு மன்னார் வீதி. நமது பாட்டன் பூட்டிகள் மன்னார்க் கரையில் இறங்கி மலைக்கு நடந்த பாதை ஏறக்குறைய இதுதான். திசைதான் வேறு. கொலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்களை அந்தக் காட்டிலேயே விட்டுவிட்டு நடந்தார்கள். 1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தது. 1964 ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் அதே பாதையில் நம்மவர்களைத் திருப்பி ஏற்றினார்கள். ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழுத அழுகையால்தான் அதற்கு அழுகைக் கோச்சி என்று பெயர் வந்தது. மலையகத்தின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கி மாத்தளைக்கு நடந்தார்களே, அவர்கள் மிதித்ததும் அந்த மண்ணைத்தான்.

மடு மாதாவின் கதையும் இடம்பெயர்ந்த கதைதான். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்த சுரூபத்தை 20 குடும்பங்கள் காட்டுக்குள் கொண்டுவந்து காத்தன என்பது வழிவழியாக வரும் வரலாறு. யுத்த காலத்தில் ஆயிரக்கணக்கான அகதிகள் அந்த வளவில் தங்கினார்கள். 1999 நவம்பரில் ஷெல் விழுந்து, தஞ்சம் புகுந்தவர்களே அங்கு மாண்டார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மாதாவைத் தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டி வந்தது. மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிற நம் வீட்டுப் பெண்களும் மடுவுக்குப் போவது ஏன் என்று என்னிடம் கேட்டால், இதைத்தான் சொல்வேன். அங்கே சிங்களக் குடும்பங்களும் பக்கத்துக் கூடாரத்தில் அடுப்பு மூட்டுகின்றன. 1977 கலவரத்துக்குப் பின் வன்னிக்குப் போய்க் குடியேறிய சொந்தங்களைத் திருவிழாவில்தான் சந்திக்கிறோம் என்பவர்களும் உண்டு.

சரி, தோட்ட நிர்வாகம் என்ன சொல்லும்? ஊவாப் பக்கத்தில் ஜூலை முதல் செப்டம்பர் வரை காற்றுக்காலம். வாசமும் விலையும் கூடிய தேயிலை கிடைக்கிற காலம் அதுதான். "இந்த நேரத்தில் ஆளை விட முடியாது" என்று துரை சொன்னால் அதில் நியாயமே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் திருவிழாத் தேதி திடீரென்று முளைப்பதில்லை. வருஷா வருஷம் ஆகஸ்ட் 15தான். ஒரு மாதம் முந்தியே பெயர்ப் பட்டியல் கொடுத்தால், எந்த மலையை எப்போது எடுப்பது என்று மாற்றி அமைக்க முடியாதா? ஞாயிற்றுக்கிழமை வேலை கொடுத்து ஈடுசெய்ய முடியாதா? கொழுந்து கூடிய காலத்தில் ஞாயிறும் மலைக்கு வா என்று கூப்பிடத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாமலா போகும்?

வரவுக் கொடுப்பனவு என்ற பெயரே எனக்குப் பழைய நினைவைக் கிளப்புகிறது. 2016 கூட்டு ஒப்பந்தத்தின் 730 ரூபாவில் 60 ரூபா வரவுக்கானது. வேலை கொடுத்த நாட்களில் நூற்றுக்கு 75 வராவிட்டால் அது கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நின்றவளும் அதை இழந்தாள், நேர்த்திக்குப் போனவளும் இழந்தாள். சம்பளத்தின் ஒரு பகுதியை வரவோடு முடிச்சுப் போட்டால் விடுமுறைதான் முதலில் அடிபடும்.

ஆகவே எனது யோசனை இது. அடுத்த சம்பளப் பேச்சில், வருஷத்துக்கு இரண்டு நாட்களாவது சம்பளத்தோடு கூடிய யாத்திரை லீவு கேட்கவேண்டும். மடுவுக்கோ, தலவிலைக்கோ, கதிர்காமத்துக்கோ, சிவனொளிபாத மலைக்கோ, எங்கு போவது என்பது தொழிலாளியின் இஷ்டம். அது கிடைக்கும் வரை, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஜூலை முதல் கிழமையில் மடுவுக்குப் போகிறவர்களின் பட்டியலை எழுத்தில் கொடுத்து, ஈடுசெய்யும் நாட்களையும் எழுத்திலேயே வாங்கவேண்டும். பிரட்டுக்களத்தில் வாயால் கேட்டு வாயால் வாங்கும் லீவு செக்ரோலில் ஏறாது. மாதர் சங்கத் தலைவிமார் பட்டியலை இப்போதே எழுதத் தொடங்கலாம்.