ஆல நிழலிற் பயிர் விளையுமா?

பெருங் கம்பனிகள் ஆட்சி செலுத்தும் சந்தையிலே புதிதாகப் புகும் ஒரு கணினி உற்பத்தியாளன் தனக்கென ஒரு பங்கை வென்றெடுக்க முடியுமா? கணினித் தொழிலைப் பற்றிப் பேச்செழும் இடமெல்லாம் இக்கேள்வியும் எழுகின்றது. பணமும் பெயரும் படைத்தவன் ஒருமுறை காலூன்றிவிட்டால் பிறர்க்கு அங்கே இடமில்லை என்பார் ஒரு சாரார். நல்ல பொருளை மலிவாகக் கொடுப்பவன் எவனும் வெல்லலாம் என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் பாதி உண்மையையே பேசுகின்றனர் என்பது நமது துணிபு. ஊகத்தைக் கொண்டு வழக்கைத் தீர்ப்பது முறையன்று. ஆகவே சாட்சிகளை அழைப்போம்.

முதற் சாட்சி 1960 களின் அமெரிக்கா. அந்நாளில் அந்நாட்டின் கணினிச் சந்தையிற் பெரும்பகுதி ஐ. பி. எம். கம்பனியின் கையில் இருந்தது. எஞ்சியதைப் பங்கிட்டுக்கொண்ட ஏழு கம்பனிகளையும் 'ஏழு குள்ளர்கள்' என்றே உலகம் எள்ளி நகையாடிற்று. ஆயினும் அவர்கள் உண்மையிற் குள்ளர்களா? அவர்களுள் ஒன்று ஜெனரல் எலெக்ட்ரிக், மற்றொன்று ஆர். சி. ஏ. மின்சாரத் தொழிலிலும் வானொலித் தொழிலிலும் கொடிகட்டிப் பறந்த நிறுவனங்கள் அவை. இருந்தும் நடந்ததென்ன? ஜெனரல் எலெக்ட்ரிக் 1970 இல் தன் கணினிப் பகுதியை ஹனிவெல் கம்பனிக்குக் கொடுத்துவிட்டு விலகிற்று. அடுத்த ஆண்டே ஆர். சி. ஏ. யும் கடையைக் கட்டிற்று. பணமில்லாமையா அவர்களை வீழ்த்தியது? அன்று.

1964 ஏப்ரலில் ஐ. பி. எம். 'சிஸ்டம் 360' என்னும் கணினிக் குடும்பத்தை அறிவித்தது. அக்குடும்பத்தின் சிறிய பொறிக்கென எழுதிய செய்நிரல் பெரிய பொறியிலும் இயங்கும். வாடிக்கையாளன் வளர வளரப் பொறியை மாற்றலாம். எழுதிய செய்நிரலை எறிய வேண்டியதில்லை. ஆனால் வேறொரு கம்பனியின் பொறிக்கு மாறுவானாயின் ஆண்டாண்டாக எழுதிச் சேர்த்த செய்நிரல்களைத் திருத்தியோ புதிதாகவோ எழுத வேண்டும். ஆர். சி. ஏ. இதனை அறியாமலில்லை. அதன் 'ஸ்பெக்ட்ரா 70' பொறிகள் 360 இன் கட்டளைகளை ஒட்டியே அமைக்கப்பட்டன. எனினும் பொறியை இயக்கும் மென்பொருள் வேறாயிற்று. மாறுவோனுக்குத் தொல்லை தீரவில்லை. பக்கத்தூரிலே காணி மலிவு என்பதற்காகத் தான் வெட்டிய கிணற்றையும் கட்டிய வாய்க்காலையும் கைவிட்டுக் குடிபெயரும் கமக்காரன் எத்தனை பேர்? மலிவு ஒன்றே போதும் என்போர் இச்சாட்சிக்கு விடை கூறட்டும்.

இரண்டாம் சாட்சி டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பனி. மசசூசெட்ஸ் மாநிலத்தின் மேனாட் என்னும் ஊரிலே, பழைய கம்பளி ஆலை ஒன்றின் ஒரு பகுதியில், 70,000 டொலர் முதலீட்டுடன் 1957 இல் இது தொடங்கப்பட்டது. ஐ. பி. எம். ஆண்ட வங்கிகளையும் காப்புறுதிக் கம்பனிகளையும் இது நாடவில்லை. ஆய்வுகூடங்களையும் தொழிற்சாலைகளையும் பல்கலைக்கழகங்களையும் நாடிற்று. 1965 இல் 18,000 டொலருக்கு 'பி. டி. பி. 8' என்னும் சிறு கணினியை விற்றது. பெருங் கணினியைக் கனவிலும் காணமுடியாதவர்கள் அதனை வாங்கினர். அவர்களிடம் கைவிட வேண்டிய பழைய செய்நிரல் எதுவும் இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1980 களின் பிற்பகுதியில் இக்கம்பனி கணினித் தொழிலில் ஐ. பி. எம். மிற்கு அடுத்த இடத்தில் நின்றது. ஆல நிழலிலே பயிரிடாமல் வெயில் விழும் வெளியிலே பயிரிட்டவனின் வெற்றி இது.

மூன்றாம் சாட்சியே தலையாயது. 1981 ஓகஸ்டில் ஐ. பி. எம். தன் தனியாள் கணினியை வெளியிட்டது. விரைந்து முடிக்கும் நோக்குடன் இன்ரெல் கம்பனியின் நுண்செயலியையும் மைக்ரோசொவ்ட் கம்பனியின் இயக்க மென்பொருளையும் அது வெளியே வாங்கிக்கொண்டது. அவை எவருக்கும் விலைக்குக் கிடைத்தவை. ஐ. பி. எம். மிற்கே உரியதாய் இருந்த முக்கியமான பகுதி, பொறியை உயிர்ப்பிக்கும் 'பயோஸ்' என்னும் அடிப்படைச் செய்நிரல் ஒன்றே.

அச்செய்நிரலை அப்படியே படியெடுப்பது சட்ட விரோதம். அப்பிள் கம்பனி பிராங்கிளின் கம்பனிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், இயக்கச் செய்நிரலுக்கும் பதிப்புரிமை உண்டென அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்று 1983 இல் தீர்த்தது. ஆயினும் பதிப்புரிமை காப்பது எழுதிய எழுத்தையேயன்றி அவ்வெழுத்துச் செய்யும் செயலையன்று. இந்நுண்ணிய வேறுபாட்டின்மேல் ஒரு கம்பனி எழுந்தது. அதுவே 1982 இல் டெக்சாசில் மூவர் தொடங்கிய கொம்பாக். ஐ. பி. எம். எழுதியதைப் படித்தவர்கள் அது செய்யும் செயல்களை மட்டும் பட்டியலிட்டனர். அதனைக் கண்ணாற் கண்டிராத வேறு சிலர் அப்பட்டியலைக் கொண்டு புதிய செய்நிரலை எழுதினர். செயல் ஒன்று, எழுத்து வேறு. திருட்டென்று சுட்டிக்காட்ட அங்கே எதுவுமில்லை.

1983 இல், விற்பனையின் முதலாண்டிலேயே, கொம்பாக் 11 கோடி 10 இலட்சம் டொலருக்கு விற்றது. வாங்கியவன் எதனையும் இழக்கவில்லை. அவனிடமிருந்த செய்நிரல்கள் புதிய பொறியிலும் இயங்கின. 1986 இல் இன்ரெலின் 386 நுண்செயலியைக் கொண்ட கணினியை ஐ. பி. எம். மை முந்திக்கொண்டு கொம்பாக் வெளியிட்டது. விழித்துக்கொண்ட ஐ. பி. எம். 1987 இல் பொறியின் உள்ளமைப்பையே மாற்றி, அதற்கு ஆக்கவுரிமை வேலியும் இட்டது. அடுத்த ஆண்டிலே கொம்பாக்கின் தலைமையில் ஒன்பது கம்பனிகள் ஒன்றுகூடி, பழைய அட்டைகளையும் ஏற்கக்கூடிய பொது அமைப்பொன்றை முன்வைத்தன. ஐ. பி. எம். இட்ட வேலிக்குள் சந்தை புகவில்லை. 1994 இல் தனியாள் கணினி விற்பனையில் உலகின் முதலிடம் கொம்பாக்கிற்கு ஆயிற்று. 2005 இல் ஐ. பி. எம். அத்தொழிலையே சீனக் கம்பனியான லெனோவோவிடம் கையளித்தது.

சட்டம் எங்கே போயிற்று என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏகபோகக் குற்றம் சாட்டி 1969 ஜனவரியில் அமெரிக்க அரசாங்கம் ஐ. பி. எம். மீது வழக்குத் தொடுத்தது. பதின்மூன்று ஆண்டுகள் இழுபட்ட அவ்வழக்கை 1982 ஜனவரியில் அரசாங்கமே கைவிட்டது. அப்படியாயின் சட்டத்தாற் பயனில்லையா? அவ்வாறு கூற நாம் ஆயத்தமாயில்லை. வழக்குத் தொடங்கிய அதே 1969 இலேயே மென்பொருளுக்கும் சேவைகளுக்கும் தனி விலை வகுப்பதாக ஐ. பி. எம். அறிவித்தது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்கும் வழக்கம் தளர்ந்தது. பிறர் நுழையும் வாயில் திறந்தது. ஆனால் வாயிலைத் திறப்பதே சட்டத்தின் வேலை; அதனூடாக நடப்பது நடப்பவனின் வேலை.

ஏ. எம். டி. கம்பனியின் கதையும் இதையே உணர்த்துகின்றது. நுண்செயலிச் சந்தையில் இன்ரெலுடன் நெடுங்காலம் வழக்காடிய இக்கம்பனிக்கு 2009 இல் இணக்கத் தீர்வாக 125 கோடி டொலர் கிடைத்தது. அப்பணம் இழந்த சந்தையை மீட்டுக் கொடுக்கவில்லை. அதன்பின்னும் அது தாழ்ந்துகொண்டே போயிற்று. 2017 இல் 'ரைசன்' என்னும் புதிய நுண்செயலியைப் படைத்த பின்னரே அது தலைநிமிர்ந்தது. அதுவும் பழைய செய்நிரல்கள் அனைத்தையும் இயக்க வல்லதாகவே வந்தது என்பதை மறந்துவிடலாகாது.

இச்சாட்சியங்களிலிருந்து நாம் வரும் முடிவு இதுவே. பெரியவனைச் சிறியவன் வெல்ல முடியும். ஆனால் பெரியவனின் காலடிக்கு வராத நிலத்தை அவன் தேடவேண்டும். அன்றேல், பெரியவனின் வாடிக்கையாளன் எதனையும் இழக்காமல் தன்னிடம் வர வழி செய்யவேண்டும். இவ்விரண்டுமின்றி விலையை மட்டும் குறைத்துப் போர் தொடுப்பவன் தோற்பான். அவன் கையிற் கோடி இருந்தாலும் தோற்பான்.

வென்றவனுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. விற்பனை முகவர்களின் துணைகொண்டு வளர்ந்தது கொம்பாக். முகவரே இல்லாமல் வாங்குவோனிடம் நேரே விற்ற டெல் கம்பனி வந்தபோது, அம்முகவர்களைக் கைவிடவும் இயலாமல் டெல்லின் விலைக்கு இறங்கவும் இயலாமல் அது திண்டாடிற்று. 2001 இல் முதலிடம் டெல்லிடம் போயிற்று. 2002 இல் கொம்பாக் ஹியூலற் பக்காட் கம்பனிக்குள் அடங்கிற்று. அதற்குமுன் 1998 இலேயே டிஜிட்டல் எக்விப்மென்ட் கொம்பாக்கிடம் விலைபோயிருந்தது. ஒருநாள் ஏற உதவிய ஏணியே மறுநாட் காலைக் கட்டும் கயிறாகலாம்.

இவற்றால் நமக்கென்ன என்று வாசகர் கேட்பின், நாம் கூறுவது ஒன்றே. கம்பனிகளின் வெற்றி தோல்வியில் நமக்குப் பங்கில்லை. ஆனால் அவற்றுக்கிடையே போட்டி உயிரோடிருப்பதில் வாங்குவோர் எல்லோருக்கும் பங்குண்டு. அப்போட்டியின் திறவுகோலும் வாங்குவோர் கையிலேயே இருக்கின்றது. பள்ளிக்கூடமோ கூட்டுறவுச் சங்கமோ சட்டத்தரணியின் அலுவலகமோ கணினியும் மென்பொருளும் வாங்கும்போது விலை என்ன என்று கேட்பதோடு அமையலாகாது. "நாளை உம்மை விட்டு நாம் விலகினால் எமது கணக்குகளையும் பதிவுகளையும் எடுத்துச் செல்ல முடியுமா?" என்று கேட்கவேண்டும். முடியும் என்பதை எழுத்தில் வாங்கவேண்டும். போகும் வழி இல்லாத வீட்டுக்குக் குடிபுகுபவன் பிறகு வாடகையைப் பற்றி முறையிட்டுப் பயனில்லை.