கடலுக்கு மணல் வேண்டும், தொட்டிக்கு வேண்டாம்

போன வாரம் காலை நடை முடிந்து காந்தி சிலைப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். எங்கள் கோஷ்டியில் ஒருவர் பழைய சொல்தா. பிரான்சு பென்ஷன் வாங்குகிறவர். எதையும் பொடி வைத்துத்தான் பேசுவார்.

"வாத்தியாரே, பீச்சுக்கு மணல் வேணும் மணல் வேணும்னு ஊரெல்லாம் கையெழுத்து வாங்கினீங்க. இப்ப உங்க வீட்டு மீன் தொட்டியில இருந்த மணலை வாரிக் கொட்டிட்டீங்களாமே. இது எந்த ஊரு நியாயம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். எனக்கு எப்போதும் பதில் வீட்டுக்கு வந்து காபி குடித்த பிறகுதான் தோன்றும். அந்தப் பதில் இதோ. கொஞ்சம் சூடாகவே இருக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற மறுவருடம், 2012இல், கடல் மீன் தொட்டி வைத்தேன். நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டு அடி உயரம். முந்நூறு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். கடைக்காரர் சொன்னபடி அடியில் நான்கு அங்குலம் வெள்ளை மணல், ஏறக்குறைய எண்பது கிலோ. அதன் மேல் 'உயிர்ப்பாறை' என்று அவர் கொடுத்த பதினைந்து கிலோ கல். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "அப்படியே கடலடி மாதிரி இருக்கு சார்" என்பார்கள். எனக்கும் பெருமை தாங்காது.

2024 நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம் ஊர்ப் பக்கம் கரை கடந்தது யாருக்கும் மறந்திருக்காது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட் போனது. இன்வெர்ட்டர் விடிவதற்குள் செத்துவிட்டது. பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்று இருந்தது. அதை வைத்து ஒப்பேற்றினேன். இரண்டாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. அவற்றைப் பிடித்து வாளியில் விடலாம் என்று கல்லை நகர்த்தினேன். கல்லுக்கு அடியில் மணல் கரி மாதிரி கறுத்திருந்தது. குப்பென்று ஒரு நாற்றம்.

அந்த நாற்றம் எனக்குப் புதிதல்ல. முப்பது வருடம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் கிப் உபகரணத்தை வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டிய அதே ஹைட்ரஜன் சல்பைடு. அழுகின முட்டை வாடை. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். மீன் எங்கே ஓடும்?

சாயங்காலத்துக்குள் நான்கு மீன்கள் போய்விட்டன. அதில் ஒரு ஜோடி கோமாளி மீன் ஒன்பது வருடம் எங்களோடு இருந்தது. காலையில் என் மனைவி போய் நின்றாலே கண்ணாடி ஓரம் வந்துவிடும். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் அந்த அறைப் பக்கமே வரவில்லை. "நாலு நாள் கரண்ட் போனா சாகிற மாதிரி ஒண்ணை எதுக்கு வெக்கணும்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரையே அவளுக்குச் சொல்லும் பதில்தான்.

நடந்தது என்ன என்று வேதியியல் வாத்தியாராகவே சொல்கிறேன். மீனின் கழிவு, தின்னாமல் விட்ட தீனி எல்லாம் அம்மோனியா ஆகிறது. பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. இதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆழமான மணலின் அடியில் ஆக்சிஜன் இருக்காது. அங்கே வேறு வகை பாக்டீரியா நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் வாயுவாக விட்டுவிடும். இதுதான் மணலுக்குச் சொல்லப்படும் பெருமை, பொய்யும் அல்ல. மொனாக்கோவில் ழான் ஜோபேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1980களில் இந்த வித்தையை ஒரு முறையாகவே வகுத்தார்.

ஆனால் அதே மணலில் பன்னிரண்டு வருடம் குப்பை இறங்கியிருக்கிறது. கடல் தண்ணீரில் சல்பேட் ஏராளம். நைட்ரேட்டும் தீர்ந்துபோன ஆழத்தில் பாக்டீரியா சல்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். அப்போது வருவது ஹைட்ரஜன் சல்பைடு. பம்பு ஓடுகிறவரை அது கீழேயே அடங்கிக் கிடக்கும். பம்பு நின்றால் இரண்டு ஆபத்து. மணலில் இருக்கிற கோடானுகோடி பாக்டீரியாவும் மீனோடு போட்டி போட்டு, தண்ணீரில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைக் குடிக்கும். மணலைக் கிளறினால் விஷம் மேலே வரும். என் மீன்களை எது கொன்றது என்று பிரேதப் பரிசோதனை செய்யவில்லை. இரண்டுக்கும் இருப்பிடம் அந்த மணல்தான். கிளறியவன் நான்தான்.

மொனாக்கோவில் ஆள் அம்பு உண்டு, ஜெனரேட்டர் உண்டு. என் வீட்டில் நானும் ஒரு இன்வெர்ட்டரும். பெரிய இடத்துக்குப் பொருந்துவதை எழுபது வயதுக்காரன் வீட்டுக் கூடத்தில் வைத்து "இயற்கை முறை" என்று விற்பதுதான் எனக்குக் கோபம். சென்னையில் விசாரித்தாலும் இங்கே விசாரித்தாலும் ஒரே பாட்டு: "மணல் இல்லாம நல்லா இருக்காது சார்." யாருக்கு நல்லா இருக்காது? மீனுக்கா, பார்க்க வருகிறவருக்கா?

இப்போது சொல்தாவின் கேள்விக்கு வருகிறேன். நம் கடற்கரை மணல் ஓரிடத்தில் நிற்கிற மணல் அல்ல. கரையோரமாக வருடத்துக்குப் பல லட்சம் கன மீட்டர் மணல் தெற்கிலிருந்து வடக்கே நடந்துகொண்டே இருக்கிறது. 1980களின் கடைசியில் துறைமுகத்துக்குக் கடலில் கல் அணை கட்டினார்கள். நடக்கிற மணல் தெற்கிலேயே மாட்டிக்கொண்டது. வடக்கே நமக்கு வரவேண்டியது வரவில்லை, இருந்ததை அலை கொண்டுபோனது. நாம் ஓடி விளையாடிய இடத்தில் கருங்கல்லைக் கொட்டினார்கள். பிறகு 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் தலைமைச் செயலகத்துக்கு எதிரே தண்ணீருக்கடியில் பெரிய இரும்புத் திட்டு ஒன்றை இறக்கினார்கள். அலையின் வேகம் குறைந்தது, மணல் வந்து தங்கியது. பேரப்பிள்ளைகள் மறுபடி கால் நனைத்தார்கள்.

கடலில் மணல் அலையோடு புரள்கிறது, காற்றையும் வெயிலையும் பார்க்கிறது, இடம் மாறுகிறது. என் தொட்டி மணல் போட்ட இடத்தில் பன்னிரண்டு வருடம் கிடந்தது. நடக்கிற மணல் கடற்கரை. தேங்கின மணல் சாக்கடை. கடலில் நடக்கிற மணலை நிறுத்தியது தப்பு. தொட்டியில் தேங்கின மணலை எடுத்தது சரி. ரெண்டும் ஒரே நியாயம்தான் சொல்தா ஐயா.

மணலைவிட எனக்கு உறுத்தலாய் ஆனது கல். சுத்தம் செய்ய வெளியே எடுத்து, பாசி போகத் தேய்த்து வெயிலில் வைத்தேன். உட்கார்ந்து கண்ணாடி போட்டுப் பார்த்தால் கல் முழுக்க நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழி. பவளத்தின் எலும்பு! பன்னிரண்டு வருடம் 'கல்' என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு பிராணிக் கூட்டத்தின் எலும்புக்கூடு. "வெளிநாட்டு இறக்குமதி" என்றார் கடைக்காரர். ரசீதில் 'அலங்காரக் கல்' என்றிருந்தது. எந்தக் கடலில் வெட்டியதோ.

கற்பவளம் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. மீறினால் மூன்று முதல் ஏழு வருடம் சிறை. இது வேண்டாத கெடுபிடி என்று நினைக்கிறவர்கள் மன்னார் வளைகுடாவைப் பார்க்க வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பல காலம் பவளப்பாறையை வெட்டினார்கள். 21 தீவுகளில் இரண்டு தண்ணீருக்குள் போய்விட்டன. வான் தீவு தேய்ந்துகொண்டே வந்தது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது வேறு. அந்த மிச்சத்திலிருந்து ஒரு துண்டு என் கூடத்துக்கு வந்ததோ இல்லையோ, வாங்குகிற ஆள் இருப்பதால்தானே வெட்டுகிற ஆள் இருக்கிறான்.

"பேசாம தோட்டத்துல புதைச்சிடுங்கப்பா" என்றான் மகன். மனம் ஒப்பவில்லை. நடந்ததை எழுதி, கல்லை மூட்டை கட்டி வனத்துறையிடம் கொண்டுபோய் ஒப்படைத்தேன். அங்கிருந்தவர் படித்துப் பார்த்து, "வெச்சிட்டுப் போங்க சார், இனிமே வாங்காதீங்க" என்றார். பிடிபட்ட மாணவன் மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

புதுக் கல்லை நானே செய்தேன். நொறுக்கிய கிளிஞ்சல், சிமெண்ட், கல்லுப்பு. உப்பு பிறகு கரைந்துபோய் அந்த இடத்தில் துளை விழும். பாக்டீரியா குடியிருக்க வீடு. மொட்டைமாடி டிரம்மில் எட்டு வாரம் ஊறப்போட்டு, சிமெண்ட்டின் காரம் இறங்கும்வரை தண்ணீர் மாற்றினேன். நம் ஊர் பழைய வீடுகளுக்குப் பளபளப்புக் கொடுத்தது கிளிஞ்சல் சுண்ணாம்புதானே. எனக்கும் அது கைகொடுத்தது. வான் தீவைக் காக்க 2015 முதல் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் கடலில் இறக்கியதும் துளை போட்ட கான்கிரீட் திட்டுகள்தான். கடலுக்கே ஆகும்போது என் தொட்டிக்கு ஆகாதா?

இரண்டு தூண், நடுவே ஒரு பாலம். பின்கண்ணாடியில் படாமல், அடியில் கை நுழைகிற அளவு இடைவெளி விட்டு நிறுத்தினேன். மீன் விடாமல் ஆறு வாரம் அம்மோனியாச் சொட்டு விட்டு, பாக்டீரியா பெருகி அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆன பிறகே மீன். பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டிவிட்டார்கள். அதனால் பண்ணையில் பிறந்த ஜோடிதான் வேண்டும் என்று காத்திருந்து வாங்கினேன்.

குறையும் சொல்லிவிட வேண்டும். மணலில் புதைந்து தூங்கும் மீனையும் மணலைச் சலித்துத் தின்னும் மீனையும் இந்தத் தொட்டியில் வைக்கவே கூடாது. மணல் செய்த நைட்ரேட் வேலையை இப்போது நான் செய்கிறேன்: வாரம் ஒருமுறை குழாய் விட்டுக் கசடை உறிஞ்சி, பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். இடுப்பு வலிக்கிறது. ஆனால் அழுக்கு கண்ணுக்குத் தெரிகிறது. தெரிகிற அழுக்கைத்தான் மனிதன் எடுப்பான். மணலின் உண்மையான உபயோகம் அழுக்கை நம் கண்ணிலிருந்து மறைப்பதுதான் என்று பன்னிரண்டு வருடம் கழித்து எனக்குப் புரிந்தது.

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்கிறார்கள். இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் தரை விரிப்பு போடாததற்குக் காரணம் உண்டு. சுத்தமாக வைத்துக்கொள்ள முடியாதென்றால் தொட்டியே வேண்டாம். உயிரை அடைத்து வைத்தவனுக்கு அலங்காரம் பேச உரிமை அதற்குப் பிறகுதான்.

போன மாதத்திலிருந்து என் மனைவி மறுபடி காலையில் தீனி போடுகிறாள். புது ஜோடி இன்னும் அவளைக் கண்டால் கல்லுக்குப் பின்னால் ஒளிகிறது. பழகும்.

மணல் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நாளைக் காலை ஆறு மணிக்குத் தலைமைச் செயலகத்துக்கு எதிரே வாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடப்போம். சொல்தாவையும் அழைத்து வருகிறேன்.