தெரிவு யாருக்கு உண்டு?

மதுபோதையில் வாகனஞ் செலுத்திப் பிடிபட்டவன் அரசு அமர்த்தித் தரும் சட்டத்தரணியை ஏற்பதா, பணங்கொடுத்துத் தனியார் சட்டத்தரணியை நாடுவதா என்பது ஐக்கிய அமெரிக்காவில் ஓயாது எழும் வினா. விடையும் ஆயத்தமாகவே உள்ளது: இலவசமாகக் கிடைப்பவர் திறமையற்றவர், பணமுள்ளவன் தனியாரையே நாடுக. விடை மாத்திரமன்று, வினாவே பிழையானது என்பது என் வாதம்.

முதலாவதாக, அரசு தரும் சட்டத்தரணி வசதியற்றவர்க்கே உரியவர். வருமானம் சற்றுக் கூடியவன் அவரைப் பெறான். தனியாருக்குக் கொடுக்கவும் அவனிடம் பணமிராது. விரும்பிய சட்டத்தரணியை அமர்த்தும் உரிமையை அமெரிக்க உயர் நீதிமன்றம் 2006 இல் வலியுறுத்திற்று. ஆனால் அரச செலவில் வாதாடப்படுவோர்க்கு அவ்வுரிமை இல்லையென்பதையும் அத்தீர்ப்பிலேயே கூறிற்று. ஆக, தெரிவு என்பது பணத்தின் மறுபெயர்.

திறமையின்மை பற்றிய குற்றச்சாட்டும் அநீதியானது. அரச சட்டத்தரணி நாள்தோறும் அதே நீதிமன்றில் நிற்பவர்; நீதிபதியின் போக்கையும் வழக்குத்தொடுநர் எவ்வளவுக்கு இறங்கிவருவார் என்பதையும் அவரைப்போல் அறிந்தவர் சிலரே. முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்கிவிட்டு, முதல் தவணையிலேயே குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லும் தனியாரும் உளர். அரச சட்டத்தரணியிடம் இல்லாதது நேரமே. பொலிசார் வாகனத்தை மறித்தது சட்டப்படியா, சுவாசச் சோதனைக் கருவி ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டதா, இரத்த மாதிரி யார் யார் கைக்கு மாறியது என்பவற்றையெல்லாம் துருவ மணித்தியாலங்கள் வேண்டும். சிறு குற்ற வழக்குகளாயின் ஒருவர் ஆண்டுக்கு 400 வரை ஏற்கலாம் என 1973 இல் ஒரு தேசிய ஆணைக்குழு விதந்துரைத்தது. வாரத்துக்கு 40 மணித்தியாலம் ஓய்வின்றி உழைத்தாலும் ஒரு வழக்குக்கு ஐந்து மணித்தியாலமே எஞ்சும். 2023 இல் வெளியான ரான்ட் ஆய்வோ, மதுபோதை வழக்குகளில் இலகுவானதற்கே 19 மணித்தியாலமும் கடினமானதற்கு 33 மணித்தியாலமும் தேவை என்கிறது. ஐந்துக்கும் பத்தொன்பதுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைத் திறமையாலா நிரப்புவது?

அமெரிக்க முறையே முன்மாதிரி என நம்மிடையே வாதிடுவோர் உடனே கிடியன் வழக்கை எடுத்துக்காட்டுவர். புளோரிடாவில் ஒரு பில்லியர்ட் கூடத்தை 1961 இல் உடைத்தாரெனக் குற்றஞ்சாட்டப்பட்ட அவ்வேழை, சட்டத்தரணியின்றி விசாரிக்கப்பட்டு ஐந்தாண்டுச் சிறை பெற்றார். சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனுவே 1963 தீர்ப்புக்கு வழிவகுத்தது. மறுவிசாரணையில் சட்டத்தரணி துணைநின்றார், விடுதலையும் கிடைத்தது. மெய்தான். ஆனால் கதை அங்கு முடியவில்லை. 1979 இல் ஸ்கொட் வழக்கில், குற்றத்துக்குச் சிறை விதிக்கச் சட்டம் இடமளிப்பினும் உண்மையில் சிறை விதிக்கப்படாவிடின் சட்டத்தரணி தரவேண்டியதில்லை என அதே நீதிமன்றம் கோடு கிழித்தது.

அந்தக் கோட்டுக்கு வெளியே விழுந்தவர்களுள் ஒருவர் நிக்கல்ஸ். 1983 இல் ஜோர்ஜியாவில், மதுபோதையில் வாகனஞ் செலுத்திய குற்றச்சாட்டை எதிர்த்து வழக்காடாது, சட்டத்தரணி எவருமின்றி 250 டொலர் தண்டம் பெற்றார். சிறையில்லை; ஆகவே உரிமையுமில்லை. ஏழாண்டுகளின் பின் போதைப்பொருள் வழக்கொன்றில் அவர் குற்றவாளியாகியபோது அப்பழைய தண்டம் கணக்கிற் சேர்க்கப்பட்டது. அது சேராதிருந்தால் அவருக்கு விதிக்கக்கூடியிருந்த உச்ச தண்டனை 210 மாதம்; விதிக்கப்பட்டதோ 235 மாதம். 1994 இல் உயர் நீதிமன்றம் இதனைச் சரியென ஏற்றது. அவரது பிந்திய குற்றத்துக்கு நான் பரிந்து பேசவில்லை. சட்டத்தரணியே தேவைப்படாத அற்ப விடயம் எனப்பட்ட ஒன்று எவ்வாறு இருபத்தைந்து மாதச் சிறையாயிற்று என்றே கேட்கிறேன். அரச சட்டத்தரணியா தனியாரா என்ற வினா 1983 இல் அவர்முன் எழவேயில்லை.

எமது 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13(3) ஆம் உறுப்புரையும் சட்டத்தரணி மூலம் விளம்பப்படும் உரிமையைத் தருகிறது. கட்டணத்தை யார் கொடுப்பதென்று சொல்லவில்லை. அதே ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு நிறுவப்பட்டது. இதன் போதாமை கண்டு அமெரிக்க முறையைக் கொணருமாறு கோரும் நண்பர்கள், எந்த அமெரிக்க முறையைக் கருதுகிறார்கள் என்பதையும் சொல்லட்டும்: 1963 இனதா, 1994 இனதா?